பங்ஷன் வரைக்கும் வளராதே

சின்ன வயதில் உங்களில் யாருக்காவது, வளராதே என்று யாராவது சொன்னதுண்டா? தின்னு, வளரு, நிமிர்ந்து நில் என்றுதான் எல்லார் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். எனக்குப் பத்து வயதில், ஒரு கோடை முழுக்க, வளராமல் இருக்க வேண்டிய வேலை இருந்தது. சொன்னவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

இதை நம் கூட்டாளிகளுக்காக எழுதுகிறேன். சொட்டு மருந்து ஊருக்குள் வருவதற்கு முன்னால் பிறந்து, ஒரு காய்ச்சலில் காலைக் கொடுத்துவிட்டு, தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரும்புக் கம்பியும் தோல் வாரும் பூட்டி நடந்தவர்களுக்காக. டாக்டர்கள் அதைக் கேலிப்பர் என்றார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கம்பி பூட்ஸ் என்று பெயர். நமக்கெல்லாம் இப்போது அறுபதை ஒட்டிய வயது. நல்ல கால் முழங்காலும் தேய்ந்துபோய்விட்டது. கோபம் தேயவில்லை, என்னைப் பொறுத்தவரை.

போன வாரம் ஒருவர் என் வீட்டுக்கு வந்து போனார். அதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அவர் எதற்கு வந்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கோடையைச் சொல்லாமல் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

அரியலூரிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளி எங்கள் ஊர். மானாவாரிக் காடு, கடலையும் சோளமும். மதியம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தால் அடுக்குப் பானைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். வேப்பமரத்து இலையெல்லாம் வெள்ளைப் பொடி. ஊரில் ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். எனக்கு வலது கால் சூம்பிப்போயிருந்தது. முழங்காலைக் கையால் அழுத்தி ஊன்றி ஊன்றி நடப்பேன். அப்படி அரைத் தெரு போகலாம், ஊர்ப் பள்ளிக்கூடம் போகலாம். ஆறாவதுக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கும் போவாள், ஆனால் பத்து வயதுப் பிள்ளையைத் தினம் இரண்டு மைல் யார் தூக்குவது? அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"கம்பி பூட்ஸ் வந்தா போவட்டும். வரலன்னா வூட்டுல இருக்கட்டும். அதுக்கு மேல பேச்சு வேணாம்."

என்னோடு ஐந்து வருஷம் ஒரே பலகையில் உட்கார்ந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு அதற்குள் புதுப் பை வாங்கியாகிவிட்டது. பச்சை நிறத் துணிப் பை. தினம் அதைக் கொண்டுவந்து எனக்குக் காட்டுவாள். பொறாமையில் எனக்கு வயிறு எரியும்.

கம்பி பூட்ஸ் எங்கிருந்து வரும் என்றால், சங்கத்திலிருந்து. அரியலூரில் ஒரு சேவைச் சங்கம் இருந்தது. அப்போது நாங்கள் எல்லாரும் திருச்சி ஜில்லா. டாக்டர், வக்கீல், ரைஸ் மில்காரர், சிமெண்ட் ஆலை எஞ்சினியர், லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து துணிக்கடை வைத்திருந்த பாய், இப்படி முப்பது பேர். என் அம்மாவின் தம்பியும் அதில் இருந்தார். ஸ்டேஷன் ரோட்டில் அவர் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். சட்டையில் சங்கத்துச் சின்னத்தைக் குத்திக்கொண்டு சைக்கிளில் அவர் எங்கள் தெருவுக்குள் வந்தால் கலெக்டர் வந்த மாதிரி எனக்கு இருக்கும். மாமா ஒரு வார்த்தை சொன்னால் சங்கமே எழுந்து நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மாமா அந்தச் சங்கத்தில் மைக்கைச் சரிபண்ணுகிறவர், போட்டோ எடுக்கிறவர், நாற்காலி குறைந்தால் எழுந்து நிற்கிறவர் என்பது எனக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

மாசி மாதம் சங்கம் ஒரு முகாம் நடத்தியது. பட்டியலில் என் பெயரைச் சேர்த்தது மாமாதான். ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். திருச்சியிலிருந்து வந்த அளவுக்காரர் பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்து, என் இரண்டு பாதத்தையும் அதன் மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தார். பென்சில் விரலிடுக்கில் வரும்போது கூசியது. தொடை, முழங்கால், கணுக்கால் எல்லாம் நாடாவில் அளந்து எழுதிக்கொண்டார். மதியம் எல்லாருக்கும் வாழை இலையில் சாம்பார் சாதம். சங்கத்து ஐயாக்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறினார்கள். ரைஸ் மில்காரர்தான் தலைவர். அவர் எனக்கு இரண்டாவது அப்பளம் வைத்தார்.

அம்மாவுக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் உரக்கடைக் காலண்டரில் முடிந்துபோன மாதத் தாளைக் கிழித்து, வெள்ளைப் பக்கத்தைத் தரையில் போட்டு, அடுப்புக்கரியால் என் இரண்டு பாதத்தையும் அதே மாதிரி வரைந்தாள். எதுக்கு என்றேன். "நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்" என்றாள். அந்தத் தாளைச் சமையல் கட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்தாள்.

சித்திரையில் மாமா வந்து பூட்ஸ் வந்துவிட்டது என்றார். எல்லாருடையதும் மொத்தமாக வந்து தலைவரின் மில் ஆபீஸில் பீரோவில் இருக்கிறதாம். அம்மா அழுதாள். எப்போது தருவார்கள் என்று அப்பா கேட்டார்.

அங்கேதான் வினை. சங்கத்துக்குப் பல ஊர்களில் கிளை. எல்லாக் கிளைகளுக்கும் மேலே ஒருத்தர் உண்டு, அவரைக் கவர்னர் என்பார்கள். சங்கம் எதைக் கொடுத்தாலும் அவர் கையால்தான் கொடுக்க வேண்டும், மேடையில்தான் கொடுக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். அது எழுதி வைத்த சட்டமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எழுதாத சட்டமாகத்தான் இருக்கும், அதைத்தானே நம் ஆட்கள் மீறவே மாட்டார்கள். அப்பா சில நாள் அவரை மெட்ராஸில் இருக்கிற நிஜக் கவர்னர் என்றே நினைத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய மனுஷன் நம் புள்ளை காலைப் பார்க்க ஏன் வருகிறார் என்று பயந்துகொண்டிருந்தார்.

சித்திரைக் கடைசியில் விழா என்றார்கள். கவர்னர் வீட்டில் கல்யாணம், தள்ளிப் போயிற்று.

அந்த மாதம்தான் சங்கத்தின் குடும்ப விழா. மாமாவுக்கு அப்போது கல்யாணமாகவில்லை. குடும்பம் என்று காட்ட அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மில் களத்தில் சாயங்கால வெயிலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவித்த நெல் வாசனையும் பாய் வீட்டு பிரியாணி வாசனையும் சேர்ந்து வந்தன. ஒரு மணியை அடித்துக் கூட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த மாதம் பிறந்தநாள் வந்தவர்கள், கல்யாண நாள் வந்த ஜோடிகள் எல்லாரையும் கூப்பிட்டு மாலை போட்டார்கள். எஞ்சினியர் தன் மனைவிக்கு மாலை போடக் கூச்சப்பட்டு, எல்லாரும் கைதட்டிக் கேலி செய்து, கடைசியில் அந்த அம்மாள் மாலையைப் பிடுங்கித் தானே போட்டுக்கொண்டார். அப்படி ஆணும் பெண்ணும் சமமாக உட்கார்ந்து சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு குழந்தைகளுக்கு நாற்காலிப் போட்டி. பாட்டு நின்றால் உட்கார வேண்டும். நான் ஓரமாக அம்மா பக்கத்தில் இருந்தேன். தலைவர் வந்து, ஒன்றும் கேட்காமல், என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். பெரிய தொப்பை, மேல் மூச்சு வாங்குகிறது, விடவில்லை. கடைசி நாற்காலியில் அவர் உட்கார, அவர் மடியில் நான் உட்கார, நாங்கள்தான் ஜெயித்தோம். எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு. என் வாழ்க்கையில் ஓட்டப் போட்டியில் ஜெயித்தது அது ஒன்றுதான். அந்த மனிதர் நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது.

ஜெயித்த சந்தோஷத்தில் அவர் என்னை அப்படியே மில் ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார். இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்துப் பச்சை பீரோவைத் திறந்தார். வரிசையாகக் காகிதம் சுற்றிய பொட்டலங்கள். ஒன்றில் என் பெயர். பிரித்துக் காட்டினார். பளபளவென்று இரண்டு கம்பிகள், பழுப்புத் தோல் வார், முழங்காலுக்கு ஒரு வட்டத் தோல், கீழே கனமான அடி வைத்த வலது பூட்ஸ். அதற்கு ஜோடியாகச் சாதாரணமாக ஒரு இடது பூட்ஸ். புதுத் தோல் வாசனை. இப்போதும் செருப்புக் கடைக்குள் போனால் எனக்கு அந்த பீரோ ஞாபகம்தான் வரும். போட்டுப் பார்க்கட்டுமா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அவசரப்படாதம்மா. கவர்னர் ஐயா கையால வாங்குனா புள்ளைக்கு எவ்வளவு பெருமை. இப்பப் போட்டா பாலிஷ் போயிடும்ல."

திரும்பச் சுற்றி உள்ளே வைத்தார். சாவி திரும்பிய சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே வந்ததும் மாமா என் முகத்தைப் பார்த்தார். எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டுமே என்று, "பங்ஷன் வரைக்கும் நீ வளராம இருந்தா போதும் பாப்பா, எல்லாம் சரியா வந்துடும்" என்றார்.

வைகாசியில் விழா என்றார்கள். கவர்னர் வெளிநாட்டில் சங்கத்து மாநாட்டுக்குப் போய்விட்டார். ஆனியில் என்றார்கள். அதற்குள், கம்பி பூட்ஸ் மட்டும் கொடுத்தால் மேடை நிறையாது, பெரம்பலூர்க் கிளையோடு சேர்ந்து தையல் மிஷினும் கொடுப்போம் என்று யாரோ யோசனை சொல்லிவிட்டார்கள். மிஷின் வர வேண்டும். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பச்சைப் பை போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி போய்விட்டாள். சாயங்காலம் வந்து, இங்கிலீஷ் எழுத்தைத் தரையில் எழுதிக் காட்டினாள். உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் அப்பாவிடம், ஆடிப்பெருக்கு வரைக்கும் என் பெயரை வைத்திருப்பதாகவும், அதற்கு மேல் முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

நான் என் பங்கைச் செய்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் காலண்டர் தாளைக் கீழே போட்டு அதன் மேல் நின்று பார்ப்பேன். வலது பாதம் கரிக்கோட்டுக்குள்ளேயே சமர்த்தாக இருந்தது. அது எங்கே வளரும்? இடது பாதம்தான் துரோகம் செய்தது. முதலில் கட்டைவிரல் கோட்டைத் தொட்டது. பிறகு தாண்டியது. நம் கூட்டாளிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல கால் தன் பாட்டுக்கு வளரும், மற்றது பின்தங்கும். வலது பூட்ஸின் அடிக்கனம் எல்லாம் இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுச் செய்தது. நல்ல கால் வளர்ந்தால் எல்லாம் போயிற்று.

சோற்றைக் குறைத்தேன். கேழ்வரகுக் களியை உருட்டிப் பாவாடையில் மறைத்து நாய்க்குப் போட்டேன். அது போதவில்லை. அம்மாவின் பழைய சேலையில் ஒரு கிழிசலை எடுத்து, மதியம் எல்லாரும் காட்டுக்குப் போன பிறகு, இடது பாதத்தை விரலோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பேன். வலிக்க வலிக்க இன்னும் ஒரு சுற்று சுற்றுவேன். இரண்டு வாரம் கட்டியிருப்பேன். ஒருநாள் அம்மா கடலைக் கொடியோடு முன்னதாகவே வந்துவிட்டாள். கட்டை அவிழ்த்தால் பாதம் வீங்கிக் கருநீலமாக இருந்தது. ஏன்டி என்றாள். மாமா வளரக் கூடாதுன்னு சொன்னாங்க என்றேன்.

கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். "இருக்கறது ஒரு காலு. அதையும் கெடுத்துக்கிறியாடி?" என்று சொல்லிவிட்டு என் பாதத்தை மடியில் வைத்து விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அடித்தவளும் அழுதாள், அடி வாங்கியவளும் அழுதேன்.

மறுநாள் காலண்டர் தாளைச் சுருட்டிக்கொண்டு, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறி மாமாவின் ஸ்டூடியோவுக்குப் போனாள். மேஜை மேல் தாளை விரித்து என்னை அதன் மேல் நிற்க வைத்தாள். வீக்கம் வடியாத பாதம் கோட்டுக்கு வெளியே எல்லாப் பக்கமும் தெரிந்தது.

"தம்பி, பாரு. வீக்கத்த விடு, வெரலப் பாரு. இன்னும் ஒரு மாசம் போனா இது அந்த பூட்ஸுக்குள்ள போவாது. இவ ஒருத்திக்கு மட்டும் எடுத்துக் குடுக்கச் சொல்லு. பங்ஷன் அன்னிக்குக் கழட்டிக் கொண்டாந்து தரேன், அப்புறம் மேடையில குடுக்கட்டும்."

இதைவிட நியாயமான யோசனையை அந்தச் சங்கத்து முப்பது பேரில் யாரும் சொல்லவில்லை. மாமா இருட்டறைத் திரைக்குப் பின்னால் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. கழுவுகிற மருந்தின் புளிச்ச வாசனை வந்துகொண்டிருந்தது. வெளியே வந்து, பேசறேன் அக்கா என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் பஸ் மில் வாசல் வழியாகத்தான் போகும். அந்த நிறுத்தத்தில் பஸ் நின்றபோது அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எறங்கறியாம்மா என்று கண்டக்டர் கேட்டார். அம்மா மில் கேட்டையே பார்த்தாள். உள்ளே பச்சை பீரோ எந்தப் பக்கம் இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இல்லைங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் அப்பா அம்மாவிடம், நேராகப் போய்க் கேட்டிருக்கலாமே என்றார்.

"கோச்சுக்குவாங்க. பேரை எடுத்துட்டாங்கன்னா என்ன பண்றது?"

இரண்டு நாள் கழித்து மாமா சைக்கிளில் வந்தார். சட்டையில் சின்னம் இல்லை. தையல் மிஷின் வந்துவிட்டதாம், கவர்னரும் ஊர் திரும்பிவிட்டாராம், ஆனால் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியம் ஆகாது என்று சங்கத்தில் எல்லாரும் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்களாம். டாக்டரும் எஞ்சினியரும் இருந்த சங்கம். ஆவணியில்தான் விழா என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். ஆடிப்பெருக்கன்று அம்மா கலந்த சாதம் செய்தாள். நான் சாப்பிடவில்லை. வளராமல் இருப்பதற்காக இல்லை.

ஆவணியில் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. குற்றம் சொல்ல முடியாத விழா. எங்களுக்கெல்லாம் வேன் அனுப்பினார்கள், இட்லி கொடுத்தார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்குப் பூட்டிவிட்டார்கள். வலது பூட்ஸ் ஏறியது. முழங்கால் வட்டம் முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது. இடது பூட்ஸ் ஏறவில்லை. அம்மா தள்ளினாள், மாமா தள்ளினார், தலைவர் வந்து குனிந்து பவுடர் போட்டுத் தள்ளினார். குதிகால் உள்ளே போகவே இல்லை. அவர் என் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "என்னம்மா இப்படி வளந்துட்ட" என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே குழப்பம். பிள்ளைகள் வளரும் என்பது மூன்று பிள்ளை பெற்ற அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி இருந்தது.

மேடையில் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். குதிகாலை மிதித்துக்கொண்டு நான் போனேன். அடிக்கனம் போதாமல் வலப்பக்கம் சாய்ந்தேன். மேடைத் திரைக்குப் பின்னால் நின்ற அம்மா திரையின் பிளவு வழியாகக் கையை விட்டு என் அக்குளில் பிடித்துக்கொண்டாள். யாரோ ஒரு பூந்தொட்டியை நகர்த்தி என் இடது காலுக்கு முன்னால் வைத்தார்கள். கவர்னர் என் தலையில் கை வைத்துச் சிரித்தார். மாமா கேமராவுக்குப் பின்னால் இருந்துகொண்டு, சிரி பாப்பா என்றார். சிரித்தேன்.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அதில் அம்மாவின் கை இல்லை. அந்தக் காலத்தில் மெல்லிய தூரிகையால் படத்தில் வேண்டாததை அழிப்பார்கள், மாமா அதில் கெட்டிக்காரர். நான் தனியாக, யார் துணையும் இல்லாமல், பூந்தொட்டிக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிறேன்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிறவர் இடது பூட்ஸின் முன்பக்கத்தை அறுத்து, விரல்கள் வெளியே வரும்படி செய்து, வலதுக்கு லாரி டயரில் இன்னொரு அடி வைத்துக் கொடுத்தார். சிரித்துக்கொண்டே அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். ஒரு வருஷம் வீட்டில் இருந்து, அடுத்த வருஷம் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஆறாவது சேர்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரி பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் என்னைவிட ஒரு வகுப்பு மேலேயே இருந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் ஒரே பலகையில் உட்காரவே இல்லை. நான் தபால் ஆபீஸில் வேலைக்குப் போனேன், ஓய்வும் பெற்றேன். ஒரு வருஷம் என்ன பெரிய நஷ்டம் என்பீர்கள். எனக்கு அந்த வருஷம் வேண்டும். அதைத்தான் இன்றைக்கும் கேட்கிறேன்.

மாமாவை நான் ரொம்ப வருஷம் மன்னிக்கவில்லை. சங்கத்தில் கேட்கவே இல்லை, பேசறேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னார் என்றுதான் நினைத்தேன். அவருக்கு முடியாமல் போன காலத்தில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"கேட்டேன் பாப்பா. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுக் கேட்டேன். ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க, அப்புறம் மேடையில குடுக்க என்ன இருக்கும்னாங்க. சொந்தக்காரப் புள்ளைக்காகத்தான் சங்கத்துக்கு வந்தியான்னு ஒருத்தரு சிரிச்சாரு. உக்காந்துட்டேன்."

அம்மா பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரியே மாமாவும் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஆனால் அது எங்கும் போகவில்லை, இடம்தான் மாறியது.

இனி போன வாரம். சங்கத்தின் இப்போதைய தலைவர் வந்தார். பல் டாக்டர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், நல்ல பிள்ளை. சங்கத்துக்குப் பொன்விழா, நான் மேடையில் உட்கார வேண்டும் என்றார். போனில் ஒரு பேனர் படத்தைக் காட்டினார். பூந்தொட்டிக்குப் பின்னால் நான். அக்குள் பக்கத்தில் தூரிகை தடவிய இடம் பேனர் அளவுக்குப் பெரிதாகி, திட்டாகத் தெரிந்தது. அவருக்கு அது என்னவென்று தெரியாது. எனக்கு அதில் நான்கு விரல்களும் தெரிந்தன.

சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மாதிரிச் சங்கங்கள் சொட்டு மருந்துக்காக ஊர் ஊராக அலைந்ததை நான் மறக்கவில்லை. அதனால்தான் நம் மாதிரிக் கால் இப்போது பிறப்பதில்லை. வேறு வேறு காரணத்தால் நடக்க முடியாத பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். பதினாலு பிள்ளைகளுக்கு முகாமில் அளவு எடுத்துக் கேலிப்பர் செய்திருக்கிறோம், விழாவில் உங்கள் கையாலும் சிலருக்குக் கொடுக்க வேண்டும் என்றார். எப்போது அளவு எடுத்தீர்கள் என்றேன். பங்குனியில் என்றார். இப்போது ஆனி. பொருள் வந்துவிட்டதா என்றேன். வந்து ஒரு மாதமாகிறது, முகாமைச் சேர்ந்து நடத்திய பெரம்பலூர்க் கிளையின் சங்க ஹாலில் பத்திரமாக இருக்கிறது, கவர்னர் தேதி கிடைக்க வேண்டும் என்றார்.

"ஆடி வேற வருதுங்க மேடம். சீனியர்ஸ் வேண்டாங்கறாங்க. ஆவணியில கிராண்டா வச்சுக்கலாம்."

நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டர் தாள், கரிக்கோடு, கட்டைவிரல் எல்லாம். அந்தப் பதினாலு பேர் பாதத்தையும் இன்றைக்கே காகிதத்தில் வரைந்து பாருங்கள், அப்போது தெரியும் என்றேன். அவர் கண்கலங்கிக் கேட்டார். பிறகு சொன்னார்.

"சூப்பர் ஐடியா மேடம். மேடையிலயே வச்சு வரைவோம். போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

அவர் போன பிறகு, அவர் விட்டுப்போன பட்டியலில் ஒரு எண்ணுக்குப் போன் செய்தேன். வேப்பந்தட்டைப் பக்கம், எட்டு வயதுப் பையன். அவன் அம்மா எடுத்தாள். அளவு கொடுத்தபோது போட்டிருந்த செருப்பு இப்போது பிள்ளைக்குப் பத்தவில்லை என்றாள். அப்படியென்றால் நாளைக்கே போய்க் கேளும்மா என்றேன்.

"வேணாங்க. கோச்சுக்குவாங்க. பேரை எடுத்துட்டாங்கன்னா?"

என் அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. போனில் அவள்தான் பேசுகிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வரும் திங்கட்கிழமை காலைப் பஸ்ஸில் பெரம்பலூர் போகிறேன். பதினாலு அம்மாக்களுக்கும் போன் செய்துவிட்டேன். ஒன்பது பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், மற்ற ஐந்து பேருடையதையும் நாங்களே கேட்டு வாங்கிக்கொள்வோம். வேப்பந்தட்டைக்காரி கடைசியாகத்தான் சரி என்றாள். சங்க ஹாலைத் திறந்து வைக்கச் சொல்லித் தலைவருக்கும் தகவல் கொடுத்துவிட்டேன். திறக்கும் வரைக்கும் வாசலில் உட்காருவோம். உங்களில் வர முடிந்தவர்கள் பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள், அங்கிருந்து சேர்ந்தே நடப்போம். ஆவணியில் மேடைக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. கோச்சுக்குவாங்க. கோச்சுக்கட்டும்.